தேதி போடாத காகிதம்

ஒரகடம்
4-8-1991, ஞாயிறு

மாப்ளே டில்லிபாபு,

நீ பஸ் ஏறின அன்றைக்கு வழியனுப்ப வரவில்லை என்று அத்தை என் மேல் கொலை வெறியில் இருக்கிறாள். குழாயடியில் நின்றுகொண்டு, "எம் புள்ள இன்ஜினீரு ஆவப் போறான், அண்ணன் வூட்டுல சில பேருக்கு வவுறு எரிஞ்சிக்கினு கீது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாளாம். எனக்கு அன்று ஃபர்ஸ்ட் ஷிப்ட். தகடு அடிக்கிற இந்த பிரஸ் ஷாப்பில் லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூஞ்சி போகிற போக்கு உனக்குத் தெரியாது. அதனால்தான் வரவில்லை, வேறொன்றும் இல்லை.

அந்த யுனிவர்சிட்டியில் நானும் ஐந்து மாதம் குப்பை கொட்டியவன். மஞ்சள் காமாலை வந்து பாதியில் திரும்பினவன் பேச்சையும் கொஞ்சம் கேள்.

அது ஊர் மாதிரி பெரிய இடம். நம் ஸ்கூலில் இரண்டு நாள் வராவிட்டால் கணக்கு வாத்தியார் சைக்கிளில் வீட்டுக்கே வருவார். அங்கே நூற்று இருபது பேர் ஒரே ஹாலில். நீ ஒரு ரோல் நம்பர், அவ்வளவுதான். ஒரு வாரம் காணாமல் போனால்கூட எவனாவது உனக்குப் பதிலாக "பிரசண்ட் சார்" சொல்லிவிடுவான். வாளியில் பெயிண்டால் பேர் எழுது. ஃபீஸ் சலான் கட்டுகிற ஜன்னலை மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய் நில். மீசையை எடுத்துவிடு. சீனியர் எதிரே வந்தால் உன் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார், அவன் முகத்தைப் பார்க்காதே. ரெக்கார்டு எழுதித் தரச் சொல்வார்கள், உன் கையெழுத்து வேறு அச்சு மாதிரி இருக்கும். எதை எழுதச் சொன்னாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படு. ஃப்ரெஷர்ஸ் டே வரைக்கும்தான் இந்தக் கூத்து. அதுவரை உங்களை ஊருக்கு விடமாட்டார்கள், அழாதே.

முக்கியமானது ஒன்று. எந்த ஊர் என்று கேட்டால் வாலாஜாபாத் என்று சொல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்று வாய் தவறியும் சொல்லாதே. மே மாதம் குண்டு வெடித்ததிலிருந்து நம் ஊர் பேரைக் கேட்டால் பஸ் கண்டக்டர்கூட ஏற இறங்கப் பார்க்கிறான்.

குமாரவேல்


ஏழாம் பிளாக், ஹாஸ்டல்
12-8-1991

மச்சான்,

உன் லெட்டரை பாத்ரூமுக்குள் உட்கார்ந்து படித்தேன். ரூமில் கதவைச் சாத்தக் கூடாது என்று உத்தரவு.

மீசை போயே போச்சு. கண்ணாடியில் பார்த்தால் எங்கள் அம்மாவே நிற்கிற மாதிரி இருக்கிறது. என் ரூம்மேட் பேர் ஹேமந்த், வேலூர்க்காரன், நல்ல பையன், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறினவன் தலை சுற்றி என் மேலேயே விழுந்தான். முதல் ராத்திரி அழுதான். நான் அழவில்லை, அம்மாவிடம் சொல்லிவிடு.

மூன்றாவது பட்டன் வேலை செய்கிறது மச்சான்! எவன் முகமும் எனக்குத் தெரியாது, செருப்பு மட்டும் தெரியும். ஊர் கேட்டார்கள், வாலாஜாபாத் என்றேன். "வாலாஜா ரோடா?" என்றான் ஒருத்தன். "இல்ல சார், அது வேற, இது காஞ்சிபுரம் கிட்ட" என்று பூகோளப் பாடமே நடத்தினேன்.

இங்கே கூட்டிப் பெருக்குகிற லூர்தம்மாள் குன்றத்தூர்க்காரம்மா. என்னைப் பார்த்து, "நம்ம பக்கத்துப் புள்ளையா நீ? சொல்ல மாட்டேன் போ" என்று சிரித்துவிட்டுப் போனது. நான் பேசுகிற பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டது.

உனக்கு வயிறெல்லாம் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து மாதம் இருந்த இடத்தைப் பற்றி இதுவரை ஒரு கதைகூட நீ சொன்னதில்லையே, ஏன்?

டில்லிபாபு


ஒரகடம்
18-8-1991

மாப்ளே,

கதை சொல்ல அங்கே என்ன இருக்கிறது? மெஸ் சாம்பாரில் கரப்பான், அவ்வளவுதான். உனக்கும் கிடைக்கும்.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். சஞ்சய் என்று ஒரு சீனியர் இன்னும் இருக்கிறானா? கணக்குப்படி இது அவனுக்குக் கடைசி வருஷம். உயரமாக, மெதுவாகப் பேசுவான், யாரையும் அடிக்க மாட்டான். இருந்தால் எந்த பிளாக் என்று எழுது. அவன் கூப்பிட்டால் மட்டும் தனியாகப் போகாதே. காரணம் ஒன்றும் கிடையாது, எனக்கு அவனைப் பிடிக்காது.

இந்த வாரம் ஓ.டி. இருக்கிறது. ஷிப்டுக்குப் போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசிலேயே போட்டுவிடுகிறேன், சீக்கிரம் வந்து சேரும்.

குமாரவேல்


27-8-1991

மச்சான்,

இனிமேல் ஹாஸ்டலுக்கு எழுதாதே. கவர் பின்னால் இருக்கிற விலாசம் ஹாஸ்டல் பின் கேட்டுக்கு எதிரே இருக்கிற லூர்தம்மாள் வீடு, அங்கே எழுது.

உன் மூளையை எங்கே கழற்றி வைத்தாய்? "வாலாஜாபாத் என்று சொல்" என்று எனக்குப் பாடம் நடத்திவிட்டு, கவர் மேல் கொட்டை எழுத்தில் ஸ்ரீபெரும்புதூர் முத்திரை குத்தி அனுப்புகிறாயே! போன வாரத்திலிருந்து ஃப்ரெஷர்களுக்கு வரும் தபாலையெல்லாம் முதலில் சீனியர்கள்தான் ரேக்கிலிருந்து எடுக்கிறார்கள். ஊரை மறைத்ததைவிட சீனியரிடம் பொய் சொன்னது பெரிய குற்றமாம். நான்கு நாள் முட்டி போட்டேன். இப்போது என் பேர் 'பாம்'. நான் நடந்து போனால் "டிக் டிக்" என்கிறார்கள்.

அது கிடக்கட்டும். லெட்டரையும் பிரித்துப் படித்திருக்கிறார்கள். சஞ்சய் இதே ஏழாம் பிளாக்தான். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உன் லெட்டரை மடித்துக் கையில் கொடுத்தான். "குமாரவேலோட மச்சானா நீ? சொல்லவே இல்லையே. எப்படி இருக்கான்? தங்கமான பையன். வாயைத் திறக்காத பையன்" என்றான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான் மச்சான்.

அன்றைக்கே ஃப்ரெஷர்கள் முப்பத்தாறு பேரையும் காமன் ரூமில் உட்கார வைத்து ஒரு லெட்டர் எழுதச் சொன்னார்கள். "என் முடிவுக்கு நானே காரணம். இதில் யாருக்கும் சம்பந்தம் இல்லை. அப்பா அம்மா மன்னிக்கவும்." கையெழுத்துப் போட வேண்டும், தேதி மட்டும் போடக் கூடாது. எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதினோம். ஹேமந்த் மட்டும் மூன்று முறை தப்பாக எழுதினான். நீதான் எதைச் சொன்னாலும் எழுதிக் கொடு என்றாயே, எழுதிக் கொடுத்தேன். சஞ்சய் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

உன் மேல் ஏன் அவனுக்கு அவ்வளவு பிரியம்?

டில்லிபாபு


ஒரகடம்
31-8-1991

டில்லி,

இந்த லெட்டரைப் படித்ததும் கிழித்துப் போடு.

நாளைக்கே காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிடு. பெட்டி படுக்கை எதையும் எடுக்காதே, துணிக்கடைப் பையோடு வா. டி.சி., மார்க் ஷீட் எல்லாம் ஆபீசில் இருக்கிறதே என்று யோசிக்காதே, பிறகு வாங்கிக்கொள்ளலாம். அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தைத் திரும்பக் கேட்காதே. கேட்டாய் என்று தெரியவே கூடாது. மொட்டை மாடிக்கு ஏறாதே.

வா. என்னை எதுவும் கேட்காமல் வந்துவிடு.

குமாரவேல்


5-9-1991

மச்சான்,

நான் வர மாட்டேன்.

எங்கள் அப்பா செத்தபோது யார் யார் காலில் விழுந்து அம்மா என்னைப் படிக்க வைத்தாள் என்று உனக்குத் தெரியும். "உம் மச்சான் மாதிரி பாதியில ஓடியாந்துறாதடா" என்று பஸ் ஸ்டாண்டில் என் தலையில் கை வைத்துச் சொன்னாள். காய்ச்சல் என்று போய் நின்றால் ஊரே சிரிக்கும். காரணத்தைச் சொல், வருகிறேன். சொல்லாமல் 'வா வா' என்றால் நீயும் எனக்கு ஒரு சீனியர்தான்.

மொட்டை மாடி பற்றி உனக்கு எப்படித் தெரியும்? ஃப்ரெஷர்ஸ் டேக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, 22-ஆம் தேதி, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் 'சுவர் நடை' என்று நேற்றுத்தான் எங்களுக்கே சொன்னார்கள். கண்ணில் துண்டு கட்டி, மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் நடக்க வேண்டுமாம். முதல் ஆள் நான். பொய் சொன்னதற்கு மரியாதையாம். நான் ஏறாவிட்டால் என் இடத்தில் ரூம்மேட் நடக்க வேண்டும். ஸ்டூலிலேயே தலை சுற்றுகிறவன் மச்சான் அவன்.

லூர்தம்மாளிடம் உன் பேரைச் சொன்னேன். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தது. "அந்தப் புள்ளைக்கு மச்சானா நீ? அவங்கூட ஒரு புள்ள இருந்துச்சே, தேவநேசன். கேளு அவன" என்றது. குனிந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கேட்கிறேன். யார் தேவநேசன்?

டில்லிபாபு


ஒரகடம்
10-9-1991

டில்லி,

தேவநேசன் என் ரூம்மேட். திண்டிவனம் பக்கத்து கிராமத்துப் பையன். ராத்திரி படுக்கும் முன் ஜெபம் சொல்லும்போது என் பேரையும் சேர்த்துச் சொல்வான். "எனக்கெதுக்குடா உங்க சாமி?" என்று கிண்டல் பண்ணுவேன்.

89-இல் நாங்களும் அந்தக் காகிதத்தை எழுதினோம், சிரித்துக்கொண்டேதான் எழுதினோம். அப்போது சஞ்சய் இரண்டாம் வருஷம். சுவர் நடையில் தேவநேசனுக்கு முன்னால் நான் நடந்து இறங்கிவிட்டேன். அடுத்து அவன் ஏறினான். எட்டாவது அடியோ ஒன்பதாவது அடியோ. கத்தக்கூட இல்லை டில்லி. கீழே சைக்கிள் ஷெட் தகரத்தில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. கண்ணில் கட்டியிருந்த துண்டு என்னுடையது.

எல்லோரும் கீழே ஓடினோம். சஞ்சய் மட்டும் ஓடவில்லை, தன் ரூமுக்குப் போனான். போலீஸ் வந்தபோது தேவநேசன் தலையணைக்கு அடியில் அவன் கையெழுத்தில் அந்தக் காகிதம் இருந்தது.

அவன் அப்பா மறுநாள் வந்தார். பேர் சவரிராயன். காகிதத்தைக் கொடுத்து, "உங்க பையன் எழுத்தா பாருங்க" என்றார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எம் புள்ள எழுத்துதான்" என்றார். பிறகு வார்டன் என்னைக் கேட்டார். சஞ்சய் எதிரே நின்றான். "ரெண்டு நாளா டல்லா இருந்தான் சார்" என்றேன். ஸ்டேஷனிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு என்னை ஒருத்தனும் ராகிங் பண்ணவில்லை. மெஸ்ஸில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தார்கள். சாப்பிட்டேன். இரண்டு மாதம் சாப்பிட்டேன். அப்புறம் முடியவில்லை, வந்துவிட்டேன். மஞ்சள் காமாலை எல்லாம் பொய்.

ஒரு சாவு விழுந்த இடத்தில் அந்த வழக்கத்தை விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். 'எதை எழுதச் சொன்னாலும் எழுதிக் கொடு' என்று உனக்கு எழுதும்போது கை நின்றது. நிஜத்தைச் சொன்னால் நான் பண்ணினதையும் சொல்ல வேண்டுமே என்று தாண்டி எழுதிவிட்டேன். உன்னை பஸ் ஏற்ற வராததும் அதற்காகத்தான். இப்போது எல்லாம் சொல்லிவிட்டேன். வந்துவிடு.

குமாரவேல்


15-9-1991

குமாரவேலுக்கு,

மச்சான் என்று எழுத வரவில்லை.

உன் லெட்டரை ஹேமந்துக்குப் படித்துக் காட்டினேன். வாந்தி எடுத்தான். பிறகு இருவருமாக வார்டனிடம் போனோம். உன் பேரைச் சொல்லவில்லை, சுவர் நடையைப் பற்றி மட்டும் சொன்னோம். "எழுத்துல குடுங்க, பாக்கலாம். சும்மா வாயால சொன்னா நான் இன்னா பண்றது?" என்றார். அன்று சாயங்காலமே சஞ்சய் என் ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். "மச்சான் மாதிரி இருப்பேன்னு நெனச்சேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதிலிருந்து நான் எங்கே போனாலும் பின்னால் இரண்டு பேர் வருகிறார்கள். கேட்டுக்கு வெளியே விடுவதில்லை. இந்த லெட்டரை லூர்தம்மாள் குப்பைக் கூடையில் வைத்து எடுத்துப் போகும்.

எனக்குப் புத்தி சொன்னாயே, பட்டனைப் பார், சலான் கட்டு, வாளியில் பேர் எழுது என்று! சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னாய். நீ என் கூடப் பிறக்காத அண்ணன் என்று நினைத்திருந்தேன். பாவி.

இதோடு தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாயோ செய். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் சரி, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திரு. அம்மாவுக்கு வேண்டியிருக்கும்.

டில்லிபாபு

(தனித் தாள்)

தேதி: 15-9-1991. நான் டில்லிபாபு, வயது 18, ஒரகடம், தாயார் பெயர் கிளியம்மாள். எனக்குச் சாக விருப்பம் இல்லை. எனக்கு எந்த மனக் கஷ்டமும் இல்லை. நான் டல்லாக இல்லை. கணக்குப் பரீட்சையில் 81 மார்க். தீபாவளிக்கு ஊருக்குப் போய் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட வேண்டும். என் கையெழுத்தில் தேதி இல்லாமல் வேறு காகிதம் கிடைத்தால், அது 25-8-1991 அன்று சஞ்சய் சொல்லச் சொல்ல எழுதியது. மற்ற முப்பத்தைந்து பேர் காகிதமும் அப்படித்தான்.

சாட்சி: ஹேமந்த். சாட்சி: லூர்தம்மாள், இடது பெருவிரல் ரேகை.


லூர்தம்மாள் வீடு
22-9-1991, ஞாயிறு, காலை 11.30

டில்லி,

இதை லூர்தம்மாள் உன் கையில் கொடுக்கும். கொடுத்த இடத்திலேயே படி. ஹேமந்தைக் கூட்டிக்கொண்டு மெஸ் ஹாலுக்குப் போ, சமையல்காரர்கள் பக்கத்தில் உட்கார். எவன் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே.

உன் தாள் புதன்கிழமைதான் வந்தது. அன்று செகண்ட் ஷிப்ட் போனேன். வியாழனும் போனேன். இரண்டு நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெஷின் ஓட்டினேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான், உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி திண்டிவனம் போனேன்.

சவரிராயன் ரைஸ் மில்லில் வேலை செய்கிறார். மில் சத்தத்துக்கு நடுவில் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். சொல்லி முடித்ததும் போய் மில்லை நிறுத்தினார். திரும்பி வந்து, "இப்ப சொல்லு, மொதல்லேர்ந்து" என்றார். அந்த அமைதியில் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். துண்டு என்னுடையது என்பதையும் சொன்னேன்.

அவர் என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. ஊருக்கு வெளியே கூட்டிப் போய்க் காட்டினார். தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவன் என்று தேவநேசனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லையாம். வேலிக்கு வெளியே, எருக்கஞ்செடிப் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். சிலுவை இல்லை, ஒரு செங்கல்தான் இருக்கிறது. "அவங்கம்மா இந்தப் பக்கம் வந்ததே இல்ல. எங்க மேல கோவத்துலதான் செத்தான்னு நெனச்சிக்கினே போய்ச் சேந்துட்டா" என்றார்.

போன வருஷம் செத்துப் போனாளாம், டில்லி. நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில்.

நேற்று ராவே நானும் அவரும் கிளம்பிவிட்டோம். இன்று காலை ஸ்டேஷனில், நான் முன்பு எழுதிக் கொடுத்தது பொய் என்று எழுதிக் கொடுத்தேன். உன் தாளையும் காட்டினேன், ஆனால் கொடுக்கவில்லை. ரைட்டர் படித்துவிட்டு, "இன்ஸ்பெக்டர் நாளைக்கு வருவார், நாளைக்கு வாங்க" என்றார். வார்டன் வீட்டில் பூட்டு தொங்குகிறது. மெயின் கேட்டில் விசிட்டர் நேரம் நாலு மணிக்கு மேல்தானாம். அதற்குள் உங்கள் சாப்பாடு முடிந்துவிடும். லூர்தம்மாள் குப்பை வண்டிக்குத் திறக்கிற பின் கேட்டைத் திறந்து விடுகிறேன் என்கிறது. அதற்கு வேலை போகும். "போனா போவுது. போன தடவ நானும் பாத்துக்கினுதானே நின்னேன்" என்கிறது.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. என் மேலும் கேஸ் வரலாம், வரட்டும். அத்தைக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

லூர்தம்மாள் கொடுத்த தண்ணியைக்கூட சவரிராயன் வாங்கவில்லை. வாசலில் நின்று உங்கள் பிளாக் மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதுதான் உள்ளே வந்து, நான் எழுதுகிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் படிக்கட்டுல ஏறுனான் தம்பி?"

காட்டப் போகிறேன்.

குமாரவேல்